குதிரையைச் சைக்கிளாக்கிய மனிதர்

சுவிஸில், லாங்கன்தாலில் என் கணவர் புண்ணியமூர்த்தியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் "நல்ல விசயம் தெரிஞ்ச மனுசன்" என்றுதான் சொல்வார்கள். அந்த விசயம் எல்லாம் எங்கே படித்தது என்று எனக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டு படித்தது. கிழமையில் ஐந்து நாள் பீங்கான் தொழிற்சாலையில் சூளைக்கு முன்னால் நிற்பார். சனிக்கிழமை பழைய சாமான் கடைக்குப் போய் ஒரு பை நிறையக் கௌபாய்ப் படக் கசெட்டுகளை அள்ளிக்கொண்டு வருவார். நல்ல படமாக இருந்தாலாவது பரவாயில்லை. கடைக்காரனே விற்க வெட்கப்படுகிற படங்கள் அவை.

எல்லாம் அமெரிக்காவின் பேர்போன கொள்ளைக்காரர்களின் கதை. போன கிழமை செத்தவன் இந்தக் கிழமை வேறு மூக்கோடு எழும்பி வருவான். முப்பது பேர் துரத்துகிறார்கள் என்பார்கள். மூன்று குதிரைகள் ஒரே பாறையைப் பத்துத் தரம் சுற்றும். ஒருநாள் கொள்ளைக்காரனின் மணிக்கட்டில் கைக்கடிகாரம் கட்டிய வெள்ளைத் தழும்பைக் கண்டு சிரித்துவிட்டேன்.

"நீ கதையைப் பாரப்பா. கையை ஏன் பாக்கிறாய்?" என்று கோபித்தார். கூட்டாளியே அவனை முதுகில் சுடும் இடம் வந்ததும் கண்ணைத் துடைத்தார். தன் தாய் செத்த செய்தி வந்தபோதும் இவ்வளவு அழவில்லை, கோதாரி.

ஜெர்மன் மொழியில் குரல் கொடுத்த இந்தப் படங்களால்தான் டொச்சு பழகினேன் என்று பெருமை வேறு. "கையைத் தூக்கு", "குதிரைக்குத் தண்ணி காட்டு" எல்லாம் வெள்ளைக்காரன் மாதிரியே சொல்வார். டொக்டரிடம் வயிற்றுக்குத்து என்று சொல்ல மட்டும் நான் கூடப் போகவேண்டும்.

இந்த விசர் சோபாவோடு நின்றிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். இவர் கேஸ் எழுதத் தொடங்கினார். அகதியாக வருகிறவர்கள் ஏன் ஓடிவந்தோம் என்று அதிகாரிகளுக்குச் சொல்லவேண்டும். அந்தக் கதைக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர்தான் கேஸ். புதிதாக வரும் பொடியன்களுக்கு, முன்னமே வந்தவர் ஒருவர் அதை எழுதிக் கொடுப்பது வழக்கம். ஆராவ், ஓஸ்டர்முண்டிகன் போன்ற ஊர்களிலிருந்தும் இவரைத் தேடி வந்தார்கள். இவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டில் வாதாடும் அப்புக்காத்து மாதிரி உட்காருவார்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு என் தம்பி சுஜிதன் வந்து சேர்ந்தான். பத்தொன்பது வயது. எங்கள் சமையலறை மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, மேசைத் துணியைப் பார்த்தபடி நடந்ததைச் சொன்னான். ரியூசனுக்குப் போகும்போது ஆமிக்காரன் பஸ்ஸால் இறக்கினான். முகாமில் ஒன்பது நாள் வைத்திருந்தான். முதுகில் சிகரெட்டால் சுட்டான். அம்மா தாலிக்கொடியைக் கழற்றி ஒருவனிடம் கொடுத்து அவனை வெளியே எடுத்துவிட்டா. அவ்வளவுதான்.

இவர் பேனையைக் கீழே வைத்தார். "இது எல்லாருக்கும் நடந்ததுதானே. இதைச் சொன்னா அவங்கள் கொட்டாவி விடுவாங்கள். குடுத்து எடுத்ததெண்டா, பிரச்சினை முடிஞ்சுதெண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

பிறகு எழுதினாரே ஒரு கேஸ்! சுஜிதன் சிறையை உடைக்கிறான். காவல்காரன் தூங்க, ஆணியில் தொங்கும் பூட்டுத் திறப்பை இடுப்புப் பட்டியால் கொளுவி எடுக்கிறான். சுட்டுக்கொண்டு துரத்துகிறார்கள். எல்லாம் அந்தக் கொள்ளைக்காரப் படத்தில் வந்ததுதான். ஷெரிப்பைக் கப்டன் ஆக்கினார். குதிரையைச் சைக்கிள் ஆக்கினார். கொள்ளைக்காரனை ஒளித்துவைத்த சாராயக்கடைப் பாடகியை எங்கள் மாமி ஆக்கினார். மனதில் படமாக நிற்கவேண்டும் என்று நாலு ஞாயிற்றுக்கிழமை தம்பியை அந்தக் கசெட்டுக்கு முன்னால் இருத்திவைத்தார்.

பேர்னில் விசாரணை. அதிகாரி வயதான மனிதர், குறை சொல்ல ஏலாது, பொறுமையாகக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி, இருந்த அறையைக் கீறிக்காட்டச் சொன்னார். தம்பி கீறினான். கம்பிகள், கட்டில், மேசை, ஆணியில் திறப்பு.

"இந்தப் பக்கச் சுவர் எங்கே?" என்று அதிகாரி கேட்டார்.

"அந்தப் பக்கம் சுவர் இல்லை."

"அப்படியென்றால் அந்தப் பக்கத்தால் நடந்தே போயிருக்கலாமே?"

மொழிபெயர்த்த பெண் தலை குனிந்தபடிதான் அதைத் தமிழில் சொன்னாளாம்.

"அக்கா, படத்தில அந்தப் பக்கம் காட்டவேயில்லை" என்றான் வீட்டுக்கு வந்து. கமராக்காரன் நின்ற பக்கத்துக்குச் சுவர் கட்டக் காசில்லாத படத்தை நம்பி, ஒன்பது நாள் நாலு சுவருக்குள் கிடந்து அடிவாங்கிய என் தம்பி பொய்யன் ஆனான்.

நெகட்டிவ் என்று நிராகரிப்புக் கடிதம் வந்தது. அப்பீல் செய்ய ஒரு பெண் வழக்கறிஞரைப் பிடித்தோம். டொக்டர் முதுகைப் பார்த்து எழுதித் தரட்டும், பொய்க் கதையை எழுதியவர் அதை எழுதியது தான்தான் என்று ஒரு பக்கத்தில் சொல்லட்டும், ஆனால் அவருடைய வதிவிடப் பெர்மிட்டுக்கே பிரச்சினை வரலாம் என்றா.

"நான் எழுதுறன். என்ர பெர்மிட் போனாப் போகுது" என்றார் இவர். யோசிக்கவே இல்லை. பொய் சொல்வானேன், எனக்கு அன்றைக்கு இவர்மேல் மரியாதை வந்தது. எங்களுக்குக் காட்டாமலே பதிவுத் தபாலில் அதிகாரிகளுக்கே நேரே அனுப்பியும் விட்டார்.

அதன் பிரதியைப் படித்துவிட்டு வழக்கறிஞர் எனக்கு ரெலிபோன் எடுத்தா. "உங்கள் கணவரிடம் ரிவோல்வர் இருக்கிறதா?"

எங்கள் வீட்டில் மீன் வெட்டும் கத்தியே மொட்டை என்றேன். ஒரு பக்கம் கேட்ட இடத்தில் இந்த மனிதர் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். தான் ஒரு கூட்டத்தின் தலைவனாம். கழுத்தில் ரிவோல்வரை வைத்துத் தம்பியைப் பொய் சொல்ல வைத்தாராம். தூக்கில் போட்டாலும் சம்மதமாம்.

இரண்டாவது நெகட்டிவில் மைத்துனரான இவரின் கடிதமும் நம்பத்தக்கதாக இல்லை என்று இருந்தது. தழும்பு எதனாலும் வந்திருக்கலாமாம். தம்பி ஆறு கிழமைக்குள் நாட்டை விட்டுப் போகவேண்டும்.

அன்று பின்னேரம் நான் ஏசாத ஏச்சில்லை. "உள்ளதை ரெண்டு வரியில எழுத உங்களுக்குக் கை வராதோ? உங்கட விசருக்கு என்ர தம்பியோ கிடைச்சான்?"

இவர் சோபாவின் நுனியில் இருந்தார். "சூளைக்கு முன்னால நிக்கிற ஒருத்தன் எழுதினா ஆர் நம்புவினம் பரமேஸ்? பெரிசா எழுதினாத்தான் பாப்பினம் எண்டு நினைச்சன்" என்றார்.

வாயில் வந்ததைக் கொட்டப் போனேன். தம்பி அறை வாசலில் நின்றான்.

"அக்கா, அந்த ஒன்பது நாளும் என்ன நடந்ததெண்டு நான் ஒருக்காச் சொல்லட்டோ? இவ்வளவு நாளும் ஒருத்தரும் கேக்கேல்லை."

அதிகாரி கேட்கவில்லை, அவருக்கு நாங்கள் வேறு கதை கொடுத்திருந்தோம். இவர் கேட்கவில்லை. கூடப்பிறந்த நானும் கேட்கவில்லை. நாலு வசனத்தில் அவன் சொன்னதைக் கேட்டு, இது காணாது என்று இவர் சொன்னபோது, எனக்கும் அது காணாது என்றுதான் பட்டது.

கதிரையை இழுத்துப் போட்டேன். சுஜிதன் முதலாம் நாளிலிருந்து சொல்லத் தொடங்கினான். அந்த அறையில் அவனோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.