பரணில் இருந்த சித்தப்பா

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அக்கா, நான், அக்காவைப் பெண் கேட்டு எங்கள் மலையிலேயே பைல் நாட்டிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அப்பா அம்மா. பரணில் சாமை மூட்டைகளுக்குப் பின்னால் சித்தப்பா.

இன்று மகளின் ஆங்கிலப் பாடம் அதைக் கிளறிவிட்டது. குடும்பம் மறைக்கும் அவமானத்தை அலமாரிக்குள் இருக்கும் எலும்புக்கூடு என்பார்களாம். டாக்டர்கள் படிக்க ஒளித்துவைத்த பிணத்திலிருந்து வந்த பேச்சு என்கிறார்களாம், உறுதியில்லையாம். நான் ஐந்தாவதோடு நின்றவள், மகள்தான் விளக்கினாள்.

சித்தப்பாவுக்கு வலிப்பு வரும். தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்று மேலே ஏற்றிவிட்டார்கள். விருந்துக்கு அடுப்பு மூட்ட வேண்டுமே என்று யாரும் யோசிக்கவில்லை. புகை நேராகப் பரணுக்குப் போனது. அவர் இருமினார்.

"மேல யாருங்க?" என்றார் வந்தவர்.

"பூனைங்க. அதுக்குப் புகை ஆவாது," என்றார் அப்பா.

"இருமுற பூனைய இப்பத்தானுங்க கேக்கறேன்," என்றார் அவர் மனைவி.

அப்போது சித்தப்பா மெதுவாக, ஒரே ஒரு தரம், பூனைபோலக் கத்தினார். வந்தவர்கள் சிரித்தார்கள். கல்யாணம் முடிவானது.

அவர்கள் போனதும் அம்மா, "எறங்குங்க தம்பி, சோறு ஆறுது," என்றாள்.

"இருக்கட்டும் அண்ணி. அவுங்க இன்னும் ரோட்டுக்குப் போயிருக்க மாட்டாங்க."

பொழுது சாய்ந்த பிறகும் அதையே சொன்னார். அம்மா தட்டை மேலே நீட்டினாள்.

"நம்ம ஊட்டுலயும் அந்த எலும்புக்கூடு மாதிரி ஏதாச்சும் இருக்குதாம்மா?" என்று மகள் கேட்டாள்.

அக்காவின் மாமியார் இன்னும் இருக்கிறார்.

"இல்ல சாமி," என்றேன்.