அக்கா பார்த்துத் தந்த பிறகு

மலையிலிருந்து காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் இறங்குகிற எங்கள் வளப்பூர் நாட்டு வண்டிக்காரர்கள் எல்லாரும் ரமேஷ்குமாரின் டீக்கடையில் ஒரு தடவை நிற்பார்கள். டீ ஒரு சாக்குதான். அந்தக் கடையைத் தாண்டினால் டவர் கிடையாது. அதனால் அங்கே நின்று போனை எடுத்து ‘வளப்பூர் நாடு வழிச் செய்தி’ என்ற வாட்ஸ்அப் குழுவைப் பார்ப்பார்கள். மரம் விழுந்திருக்கிறதா, லாரி எங்காவது நின்றுபோய்விட்டதா, மண் சரிந்திருக்கிறதா என்று. குழுவில் ஒன்றும் இல்லையென்றால் வழி நன்றாக இருக்கிறது என்று பொருள். டம்ளரை வைத்துவிட்டு வண்டியை எடுத்துவிடுவார்கள்.

அந்தக் குழுவை நடத்துகிறவர் கோகிலா அக்கா. எங்கள் ஊரில் மாவு மில் வைத்திருக்கிறார். சாமையும் கேழ்வரகும் அரைக்க வருகிறவர்கள் அவரிடம் ஊர்க்கதையும் சேர்த்து அரைத்துக்கொண்டு போவார்கள். வீட்டுக்காரர் முரளி மாமா பிக்கப் வண்டி ஓட்டுகிறார். அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவர். அதற்கு மேல் படிக்க வைக்க ஆளில்லை. எங்கள் ஊரில் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு எப்போதும் பெருமைதான். அந்தப் பட்டதாரியின் செய்தியையே அக்கா இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்.

“இது பட்டம் வாங்குன கையாடா சாமி? பஸ்சு வந்துச்சா, வருமா, வராதா? ஒண்ணும் வெளங்கலையே!”

யார், எங்கே, எப்போது. ஒரு செய்தியில் இந்த மூன்றும் இருக்க வேண்டும், படிக்கிறவன் யோசிக்காமல் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய சட்டம். ஆனால் குழுவில் எல்லார் முன்னாலும் அவர் யாரையும் திருத்தியதில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

பூபதி அண்ணன் மலைச்சாலையில் கூலிக்கு வேலை செய்கிறவர். சாக்கடையில் சேர்ந்த மண்ணைத் தள்ளுவது, விழுந்த கல்லை உருட்டுவது, புதர் வெட்டுவது என்று நாள் முழுக்க வளைவுகளில்தான் இருப்பார். குழுவுக்கு அவரைவிடப் பயனுள்ள ஆள் வேறு யாரும் கிடையாது. ஒருமுறை மரம் சாய்ந்ததைப் பற்றி அவர் எழுதிய செய்தியை அடிவாரக் கீழ்நாட்டு மிளகு வியாபாரி ஒருவர் படம் பிடித்து, மேலே ‘மலைத் தமிழ்’ என்று எழுதி, சிரிக்கிற பொம்மைகளை வரிசையாக வைத்துத் தன் குழுக்களில் சுற்ற விட்டார். அது பூபதி அண்ணனின் மகள் படிக்கிற பள்ளிவரை போனது. அன்று மாலையே அண்ணன் குழுவை விட்டு வெளியேறிவிட்டார்.

அக்கா மில்லைச் சாத்திவிட்டு நேராக அவர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

“ஏனுங்கண்ணா, குரூப்ப விட்டுப் போயிட்டீங்க?”

“எனக்கெதுக்கு கண்ணு அதெல்லாம். மம்பட்டி புடிக்கிற கை. எம்புள்ள அழுதுட்டு வருது.”

“அழுவட்டும், நாளைக்கு அதே புள்ள சிரிக்கும். நீங்க எழுதி எனக்கு அனுப்புங்க. நான் பாத்துத் தாரேன். உங்க பேர்லயே போடுங்க. எவன் சிரிக்கிறான்னு பாப்போம்.”

அப்படித்தான் தொடங்கியது. பூபதி அண்ணன் எழுதி அக்காவுக்குத் தனியாக அனுப்புவார். அக்கா திருத்தி, எதற்காகத் திருத்தினேன் என்று ஒரு வரியும் சேர்த்துத் திருப்பி அனுப்புவார். அண்ணன் அதைத் தன் பெயரில் குழுவில் போடுவார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அனுப்பத் தொடங்கினார்கள். கையெழுத்துக்கு மேல் எழுதிப் பழகாத பாப்பாயி அத்தைகூட, ‘மதியப் பேருந்து இன்று வராது, ஓட்டுநருக்குக் காய்ச்சல்’ என்று காற்புள்ளி வைத்து எழுதினார். அந்தக் காற்புள்ளியை எங்கள் ஊரே வேடிக்கை பார்த்தது. கீழ்நாட்டு ஆசிரியர்கள் எங்கள் குழுவைக் காட்டித் தங்கள் பிள்ளைகளிடம் ‘பார்த்துக் கத்துக்கங்க’ என்று சொன்னதாகச் செய்தி வந்தபோது அக்கா மில் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் அது சட்டமாகிவிட்டது. அக்கா பார்த்துத் தராமல் யாரும் எதையும் போடுவதில்லை.

ஆனி மாதம். பலாப்பழம் இறங்குகிற காலம். காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முரளி மாமா வண்டி நிறையப் பழத்தை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். முன்னால் அவர் பக்கத்தில் இருசாயி பெரியம்மா. கீழே மகள் வீட்டுக்குப் போகிறார். மாமா மில் வாசலில் நின்று ஒலிப்பானை அடித்தார்.

“வாரேன்டி. மழ வலுத்தா அங்கியே தங்கிருவேன்.”

“தங்குங்க. ஆனா டீக்கடையில நின்னு குரூப்பப் பாத்துட்டு எறங்குங்க.”

“பாக்காம என்னைக்கு எறங்கிருக்கேன்?”

நான் கேழ்வரகு மூட்டையோடு வரிசையில் இருந்தேன். அக்கா மோட்டாரைப் போட்டார். அந்த மில் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. மாவு ஏறிவிடும் என்று அக்கா தன் போனை மூடி போட்ட தகர டப்பாவுக்குள் வைத்து அலமாரியில் ஏற்றிவிடுவார். ஒருவர் மூட்டை முடிந்து இன்னொருவர் மூட்டை, பிறகு என்னுடையது. என் மாவு சாக்கில் இறங்கி முடிந்ததும்தான் மோட்டார் நின்றது. அந்த அமைதியில் டப்பாவுக்குள் போன் அதிர்கிற சத்தம் கேட்டது.

அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தார். பூபதி அண்ணனிடமிருந்து தவறிய அழைப்புகள். அதற்கு மேலே ஒரு செய்தி, வந்து வெகு நேரமாகியிருந்தது.

‘வேங்க மரத்து வளவு கீழ செவுரு வெடிச்சிருச்சி மண்ணு போவுது வண்டி ஏதும் எறங்க வேணா’

அக்காவின் கட்டைவிரல் திரையில் இறங்கியது. பழக்கம். முதல் சொல்லை அழித்துச் சரியாக எழுதினார். இரண்டாவது சொல்லுக்குப் போனவர் அப்படியே நின்றார். முகத்தில் ஒட்டியிருந்த மாவுக்கும் முகத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று.

“மாமன் போயிட்டாரே,” என்றார்.

செய்தியை எப்படி வந்ததோ அப்படியே குழுவில் தள்ளிவிட்டு மாமாவுக்கு அடித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே. டீக்கடைக்கு அடித்தார். ரமேஷ்குமாரின் குரல் எனக்கும் கேட்டது.

“முரளியா? இப்பத்தானுங்கக்கா போனாப்ல. போன எடுத்துப் பாத்தாரு, ஒண்ணுமில்லீன்னு சொல்லிட்டு எறங்கிட்டாரு. ஏனுங்கக்கா?”

அக்கா என் பைக்கில் ஏறி உட்கார்ந்தார். மழையில் கண் தெரியவில்லை. வளைவுகளில் செம்மண் தண்ணீர் குறுக்கே ஓடியது. ஒரு வளைவில் பின்சக்கரம் வழுக்கி நான் காலை ஊன்றியபோது, “நிறுத்தாத, ஓட்டு,” என்று மட்டும் முதுகுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

வேங்கை மரத்து வளைவுக்கு முந்திய திருப்பத்தில் சாலையில் வெட்டிப் போட்ட மரக்கிளைகள் நசுங்கிக் கிடந்தன. சாலை வேலைக்காரர்கள் எச்சரிக்கைக்குப் போடுகிற தழை. அதன் மேல் டயர் தடம் ஏறிப் போயிருந்தது.

வண்டி குறுக்காக நின்றது. பின்சக்கரம் ஒன்று இடிந்த தடுப்புச் சுவருக்கு வெளியே அந்தரத்தில் தொங்கியது. பூபதி அண்ணன் துண்டை ஆட்டிக்கொண்டு மேலே ஓடி வந்திருக்கிறார். மாமா பார்த்து பிரேக் அடித்திருக்கிறார். சேற்றில் பாரம் இழுத்துக்கொண்டுபோய்விட்டது. இருசாயி பெரியம்மாவை அண்ணன் எப்படியோ இழுத்து வெளியே போட்டிருந்தார். அவர் மலைப்பக்கச் சாக்கடை ஓரம் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தார். மாமா உள்ளேயே இருந்தார். அவர் பக்கத்துக் கதவு சுவரில் மோதி நெளிந்து வலது முழங்கைக்கு மேலே இரும்பு கவ்வியிருந்தது. வண்டியின் முன்பக்கத்தை அண்ணன் ஒரே ஒரு கயிற்றால் வேங்கை மரத்தோடு கட்டியிருந்தார். சுமைகட்டுகிற கயிறு. அது முறுக்கேறி நின்றது.

பலாப்பழம் ஒன்று பின்னாலிருந்து உருண்டு பள்ளத்தில் விழுந்தது. விழுந்த சத்தம் வரவே இல்லை.

“அசையாதீங்க மாமா!” என்று கத்தினேன்.

“நான் எங்கடா அசையறது,” என்றார் மாமா. பல்லைக் கடித்துக்கொண்டு. அக்கா உடைந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவர் சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். நான் கயிற்றின் நடுவில் போய்த் தொங்கினேன்.

அக்கா திரும்பாமலே கேட்டார்: “ஏனுங்கண்ணா, அப்பவே குரூப்புல போடலீங்க?”

பூபதி அண்ணன் நனைந்துபோய் நின்றார். “நீ பாத்துத் தருவீன்னு இருந்தேன் கண்ணு. போன் அடிச்சேன், எடுக்கல. நீ பாக்காம எப்பிடிப் போடறது?”

அக்காவின் விரல்கள் மாமாவின் சட்டையை இன்னும் இறுக்கின.

மேலேயிருந்து பொடிக்கல் உதிரத் தொடங்கியது. கீழேயிருந்து சாயங்காலப் பேருந்து ஏறி வருகிற நேரம். அது வந்து அடுத்த வளைவில் திரும்பினால் அந்த அதிர்வில் இந்த மண் நிற்காது. அந்த வளைவில் கீழ்நாட்டு டவர் பூபதி அண்ணனின் போனுக்கு மட்டும்தான் கிடைத்தது. என்னுடையது வேறு கம்பெனி. அக்காவின் போன் மழையில் நனைந்து கருத்துவிட்டிருந்தது.

“அண்ணா, எழுதுங்க. பஸ்ச நிறுத்தணும். ஆளு வேணும், கயிறு வேணும்.”

அண்ணன் வேட்டியில் விரலைத் துடைத்துத் துடைத்து எழுதினார். ஈரத்தில் திரை வேறு எழுத்துக்குத் தாவியது. வண்டி ஒருமுறை முனகிக் கொஞ்சம் இறங்கியது. கயிறு என் உள்ளங்கையை உரித்தது. மாமா அக்காவின் பெயரைச் சொன்னார், அவ்வளவுதான்.

எழுதி முடித்த அண்ணன் ஓடி வந்து போனை அக்காவின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“ஒரு தடவ பாத்துரு கண்ணு. ஒரே தடவ.”

அக்கா கண்களை இறுக மூடிக்கொண்டார்.

“பாக்க மாட்டேன். அனுப்புங்க!”

“எழுத்தெல்லாம் தாறுமாறா…”

“அனுப்புங்கண்ணா!”

அனுப்பினார். அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. ‘முரளி வண்டி தொங்குது வேங்க மரம் ஆளு உள்ள கயிறு ஜேசிபி வேனும் பஸ்ச கீழயே நிருத்து’.

முதல் பதில் கீழேயிருந்து வந்தது. பேருந்து நடத்துநர்: ‘நிறுத்திட்டோம்’. அடுத்தது ரமேஷ்குமார்: ‘பத்து பேர் வாரோம்’. பிறகு சாலை வேலைக்காக மேலே நின்ற ஜேசிபிக்காரர்: ‘எடுத்துட்டேன்’. அண்ணன் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தார். நான் கயிற்றை விடவில்லை. அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

டீக்கடை ஆட்கள் வந்து இன்னும் இரண்டு கயிறு போட்டார்கள். ஜேசிபியின் கை வண்டியின் மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டது. கதவைக் கடப்பாரையால் நெம்பி மாமாவை வெளியே எடுத்தபோது அவருடைய வலது கை தனியாகத் தொங்குவதுபோல் தொங்கியது. அவரைப் படுக்க வைத்த பிறகுதான் அக்கா சாலையிலேயே உட்கார்ந்தார். பழம் முழுக்கப் பள்ளத்தில்.

மாமாவின் கையில் கம்பி வைத்தார்கள். மூன்று மாதம் வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். ஊரில் எல்லாம் அக்காவின் திருத்தத்தால் வந்த வினை என்று பேச்சு கிளம்பியது. ஊர்ப் பஞ்சாயத்து பேசுகிற ஊர்க்கவுண்டர் காளியண்ணன் ஆளனுப்பி அக்காவைக் கூப்பிட்டார். கூட்டத்தில் பலர் இருந்தார்கள்.

“ஏம்மிணி, வழியில மண்ணு போவுதுன்னு சொல்றதுக்கு உங்கிட்டப் பரிச்ச எழுதிப் பாஸ் பண்ணணுமா?” என்று ஒருவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள்.

நான் எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“என் ஊட்டுக்காரருதானுங்க அந்த வண்டியில இருந்தாரு,” என்றார். “எழுத்துக்குப் பயந்து ஒருத்தரு கம்முனு இருந்ததுக்கு நாந்தான் காரணம். அதுல மாத்துக் கருத்து இல்லீங்க. இனி வழி, மழ, ஒடம்பு சுகமில்ல, இந்தச் சேதியெல்லாம் எப்படி வருதோ அப்படியே குரூப்புல வரணும். அதப் பாத்து எவனாச்சும் சிரிச்சா அப்பவே வெளிய. மத்தது எங்கிட்ட அனுப்பணும்னு கட்டாயமில்ல. வேணுங்கறவங்க அனுப்பட்டும்.”

காளியண்ணன் தாடையைத் தடவினார். “அப்ப வெலவாசிச் சேதியெல்லாம்?”

“அது நிதானமா எழுதலாமுங்க. யாரும் தொங்கிட்டு இருக்க மாட்டாங்க.”

ஒருவர் சிரித்துவிட்டார்.

அக்காவே அட்மினாக இருக்கட்டும் என்று முடிவானது. ஒரு வாரம் யாரும் அவருக்கு எதுவும் அனுப்பவில்லை. குழுவில் எழுத்து கண்டபடி வந்தது. அக்கா படித்தார், எதையும் திருத்தவில்லை. மில்லில் அவர் முகத்தைப் பார்த்து நான்தான் பயந்தேன், திருத்துவதையே விட்டுவிட்டாரோ என்று.

ஒரு மாலை பூபதி அண்ணன் கேழ்வரகு எதுவும் இல்லாமல் மில்லுக்கு வந்தார். மாவுத் தூசியில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தார். வாசலில் மாமா கைக்கட்டோடு உட்கார்ந்து எல்லாரையும் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார்.

“வாப்பா எழுத்தாளா. ஒன்னோட எழுத்துலதான் நான் உசுரோட இருக்கேன்.”

அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. போனை எடுத்து அந்தச் செய்தியைத் திறந்து அக்காவிடம் நீட்டினார்.

“இதுல எங்கெங்க தப்பு கண்ணு?”

“நல்லாத்தானுங்கண்ணா இருந்துச்சு. எல்லாருக்கும் புரிஞ்சுதே.”

“புரிஞ்சுது. எனக்கு அது தெரியும். தப்ப நீ சொல்லு. எம்புள்ள முன்னாடி நான் தப்பில்லாம எழுதிக் காட்டணும்.”

அக்கா மோட்டார் சுவிட்சில் வைத்த கையை எடுத்துவிட்டு, வரிசையில் நின்ற எங்களைப் பார்த்து, “செத்த நேரம் பொறுங்க,” என்றபடி அந்தச் சாக்கில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.