ஆலம் பீ கேட்டு வாங்கிய எக்ஸ்ரே வண்டி

காதர் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. யார் இருமினாலும் அவர் மனைவி ஆலம் பீ திரும்பிப் பார்த்தாள். "நுரையீரல்ல புத்துநோய். ஆறு மாசம் முன்னாடி படம் எடுத்திருந்தா ஏதாச்சும் செஞ்சிருக்கலாம்மா" என்று மெட்ராஸ் டாக்டர் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. படம் எடுக்கத் திருத்தணியில் எந்திரம் ஏது?

இப்போது அவள் தம்பி பாஷாவும் இருமினான். விறகுக் கடையில் கட்டை அடுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அப்போது திருத்தணிக்கும் ஜில்லாத் தலைநகராக இருந்த சித்தூரில் ஓர் எக்ஸ்ரே வண்டி இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஜில்லா போர்டுக்கு இரண்டு மனு அனுப்பினாள். பதிலில்லை. ஜில்லா போர்டுத் தலைவர் ஊருக்கு முகாம் வந்ததும் அவர் தங்கிய பங்களாவுக்கே போய் நின்றாள்.

"அது டி.பி. நோய்க்குப் படம் எடுக்கற வண்டிம்மா. பெரிய ஊருக்கே பத்தல. இங்க எத்தினி பேருக்கு வேணும்?"

"நாளைக்குச் சொல்றேங்க."

அன்று முழுக்கத் தெருத்தெருவாக அலைந்து, நெடுநாளாக இருமுகிறவர்களைத் தேடினாள். மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் நாராயணசுவாமி சிரித்தார். "புகையில நிக்கறவன் இருமாம என்ன பண்ணுவான்?"

"எங்க வூட்டுக்காரரும் இப்படித்தாங்க சொல்லிகினு இருந்தாரு."

அவர் சிரிப்பு நின்றது.

மறுநாள் காலை பங்களா வாசலில் நாற்பத்துமூன்று பேர் நின்றார்கள். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் இருமினார். தலைவர் பேச வாயெடுத்து, முடியாமல் காத்திருந்தார்.

"அத்தினி பேரும் இந்த ஊரா?"

"ஆங். படுத்துகினு இருக்கறவங்கள கூட்டியாரலீங்க."

அவர் குமாஸ்தாவைக் கூப்பிட்டுக் காகிதம் கொண்டுவரச் சொன்னார்.

வண்டி வர ஏழு வாரம் ஆனது. அதுவரை பாஷா மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் அவன் நெஞ்சு சுத்தமாக இருந்தது, வெறும் சளி. அவள் அழுது முடிப்பதற்குள் டாக்டர் நாராயணசுவாமியை உள்ளே அழைத்தார்.

"சின்னக் கட்டி. உடனே மெட்ராஸ் போனா எடுத்துடலாம்."

வெளியே வந்தவர் ஆலம் பீயைத் தேடி வந்தார். "நீயும் கூட வரயாம்மா?"

காதரைக் காட்டிய அந்த மெட்ராஸ் ஆஸ்பத்திரி வாசலை இனி மிதிப்பதில்லை என்றிருந்தாள். "வரேங்க" என்றாள்.

அறுவைச் சிகிச்சை நான்கு மணிநேரம் நடந்தது. டாக்டர் வெளியே வந்ததும் ஆலம் பீ எழுந்து போனாள். அவர் முகத்தையே பார்த்தாள்.

"எடுத்தாச்சும்மா. வேற எங்கயும் பரவல."

உடம்பு தேறிய நாராயணசுவாமி அதன்பின் அடுப்படிக்குப் போகவில்லை. வண்டி அடுத்த ஆண்டும் வந்தது. டாக்டர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு முடிவைச் சொல்லி முடிக்கும்வரை ஆலம் பீ அன்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.