பாதிச் சாரம்

பைப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அடைப்பு எடுக்கப் போன இடத்தில் யாருக்கும் புத்தி சொல்லாதீர்கள். நான் இதைக் கற்றுக்கொண்டது திகன என்ற ஊரில்.

மேல் வீட்டில் பரீதா உம்மாவும் இரண்டு மகள்களும். கீழ் வீட்டில் நவாஸ் நானா, ஹார்ட்வெயார் கடைக்காரர். இரண்டு வீட்டுக் கழிவும் ஒரே நாலு அங்குல பைப் லைனில், நானாவின் முற்றத்து மேன்ஹோல் வழியாகப் போகும். அன்று அது பொங்கி, அவருடைய பூச்சட்டி வரை வந்துவிட்டது.

"கிழமைக்கு ஒருக்கா பொங்குது. நாளைக்கே மேல் ஊட்டு லைன சீமெந்து போட்டு அடச்சிருவேன்," என்றார் நானா.

உம்மாவின் முகம் செத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மூத்த மகளுக்கு நிக்காஹ். வீடு நிறைய ஆட்கள் வருவார்கள். கக்கூஸுக்குப் போக வழியில்லாத வீட்டில் கல்யாணத்தை எப்படி நடத்துவது?

நான் பேசாமல் வேலையைப் பார்த்திருக்கலாம். முப்பது வருச சர்வீஸ் விடவில்லை. அடைப்பைக் குத்தும் நீளக் கம்பியான ரொட்டைப் பூட்டிக்கொண்டே பாடம் எடுத்தேன். "புரியாணிச் சட்டி கழுவுன எண்ணெய ஊத்துறீங்க, சோத்தக் கொட்டுறீங்க. பைப் என்னாங்க செய்யும்? மனுசனுக்குக் கொஞ்சம் பொறுப்பு வேணும்."

இரண்டு பேரும் தலை குனிந்து கேட்டார்கள். எனக்கு அது நன்றாகவே இருந்தது.

மேன்ஹோலுக்குக் கீழே உள்ள வளைவில் ரொட்டு எதிலோ கொளுவியது. இழுத்தால், எண்ணெய் அப்பிய துணி. ஹோஸைப் பிடித்துக் கழுவினேன். ஆண்கள் இடுப்பில் கட்டும் சாரம், நீலக் கட்டம் போட்டது, பாதியாகக் கிழித்த துண்டு.

"மேல இருந்துதான் வந்தீக்கி," என்றார் நானா.

"எங்கட ஊட்ல சாரன் உடுக்க ஆரு ஈக்கி? மூணும் பொம்புளைங்க," என்றார் உம்மா.

நானா குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். அவர் கட்டியிருந்ததும் நீலக் கட்டம்தான். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எனக்குச் சந்தேகமே இல்லை. அது என் சாரம். ஆறு மாதத்துக்கு முன் அந்த லைனில் வெடித்த பைப்பை மாற்றியது நான். பசை காயும் வரை தண்ணீர் வராமலிருக்க, பழைய சாரத்தைப் பாதியாகக் கிழித்து, ஒரு பாதியை மேன்ஹோலில் பைப் வாய்க்குள் திணித்தேன். எடுக்க மறந்துவிட்டேன். தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டுபோய் வளைவில் விட்டுவிட்டு, பக்கத்தால் ஓடியிருக்கிறது. தண்ணீர் போகிறதே என்று நானும் போய்விட்டேன்.

பேசாமல் துணியைப் பைக்குள் போட்டிருக்கலாம். ஆனால் நானாவின் சீமெந்து மூட்டை மதிலோடு தயாராக இருந்தது.

"ரெண்டு பேர்லயும் பிழை இல்லீங்க. இது நான் அடைச்ச துணி," என்றேன். வெட்கத்தில் காது சுட்டது.

நானா சீமெந்து மூட்டையைத் தூக்கினார். "மனுசனுக்குக் கொஞ்சம் பொறுப்பு வேணும், என்ன?" என்று சொல்லிக்கொண்டே அதை உள்ளே கொண்டுபோனார்.

அன்றிலிருந்து, திணிக்கும் துணியில் கயிறு கட்டி, மறு நுனியை என் டூல்ஸ் பையில் முடிந்துவிடுகிறேன். துணியை மறந்தால் பை நகராது. நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

அன்று அந்த ஒரு பாடத்தோடு நான் வீட்டுக்குப் போயிருப்பேன். உம்மா விடவில்லை. துணியையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்: "இதுல பாதிதானே ஈக்கி. மத்தப் பாதி எங்க?"

ஆறு மாதத்துக்கு முன் அதே வாரம் பன்விலயில் ஒரு வீட்டில் பைப் மாற்றும்போது மற்றப் பாதியைத் திணித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கையைக் கழுவிக்கொண்டு பன்வில பஸ்ஸைப் பிடிக்கப் போனேன்.