தண்ணீர்க் கூண்டுக்கு நான் வைத்த கசாயம்

கண்ணு, நீங்கள் போய்விட்டீர்கள் என்று போன் வந்தபோது மதுக்கரை பஸ்ஸில் இருந்தேன். மாரடைப்பு என்றார்கள். எலிக் கூண்டுகளுக்கு உமி மாற்ற வேண்டுமே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அழுகை வந்தது.

ஆய்வகத்தில் எல்லாருக்கும் நீங்கள் மேடம். என் கடைசித் தங்கச்சி வயது என்பதால் எனக்குக் கண்ணு. எலிக் கூண்டு கழுவுகிற என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவீர்கள். இரங்கல் கூட்டத்தில் எனக்குப் பேச வராது, எழுதித் தருகிறேன்.

மலேரியாவுக்கு நிலவேம்பு கேட்குமா என்று பார்த்தீர்கள். கிருமி ஏற்றிய எலிகளில் பாதிக்கு நிலவேம்புச் சாறு, ஒப்பிட்டுப் பார்க்க மீதிப் பாதிக்கு வெறும் தண்ணீர். தண்ணீர்க் கூண்டு எலிகள் மயிர் சிலிர்த்துச் சுருண்டு கிடந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. வீட்டில் காய்ச்சல் என்றால் எல்லாருக்கும் ஒரே சட்டியிலிருந்துதானே ஊற்றுவோம்? நானே கசாயம் காய்ச்சி அதுகளுக்கும் வைத்தேன். மூன்று நாள்.

வாலில் ரத்தம் எடுத்துப் பார்த்தீர்கள். இரண்டு கூண்டுக்கும் வித்தியாசமே இல்லை. "எங்கியோ தப்பாப் போச்சுக்கா. இத்தன நாள் ஒழப்பும் குப்பைக்குத்தான்" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தீர்கள்.

"கண்ணு, நாந்தானுங்க. தண்ணிக் கூண்டுக்கும் கசாயம் வெச்சுப்போட்டேனுங்க. பாவமா இருந்துச்சுங்க."

தலையிலிருந்து கையை எடுத்தீர்கள். பிறகு கேட்டீர்கள்: "அந்தக் கசப்ப எப்புடிக்கா குடிச்சுதுக?"

"நாட்டுச்சக்கர கலந்தனுங்க."

"எனக்குப் போடற டீல ஒரு நாளாச்சும் அவ்வளவு சக்கர போட்டிருக்கீங்களா?"

நோட்டில் அந்தப் பக்கங்களை நீங்கள் கிழிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தீர்கள்.

இரண்டாம் தடவை சாறு குடித்த எலிகளுக்குக் கிருமி குறைந்திருந்தது. அடியோடு போகவில்லை. நான் ஊரெல்லாம் சொல்லக் கிளம்பினேன். "அக்கா, எலிக்குக் கொறஞ்சுது, அவ்வளவுதான். காச்சல்னா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. கசாயமே போதும்னு சொல்லிப்போடாதீங்க" என்றீர்கள். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சொல்தான். எங்கள் வீதியில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அதையே சொல்கிறேன்.

நீங்கள் இருக்கும்போதே உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த நிம்மதி பெரிது. சொல்லாமல் விட்டிருந்தால், ஒரு நல்ல செடியையும் உங்கள் உழைப்பையும் கெடுத்தவளாக இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஒன்று மட்டும் கேட்காமலே விட்டுவிட்டேன். புது எலிகள் வந்த அன்றைக்கு, தண்ணீர்க் கூண்டை மறுபடியும் என்னிடமே விட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனீர்களே, எப்படிக் கண்ணு நம்பினீர்கள்?