மாவு அரைக்கும் நேரத்தில் மைக் மேடம்

அடுத்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருவர் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்ட பெருஞ்சிரிப்பு. சமையலறையில் கிரைண்டர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஜோதிலட்சுமி தலை நிமிரவில்லை. செல்போனில் வந்த எந்தக் கேலிச்சித்திரத்துக்கு அந்தச் சிரிப்பு என்று அவளுக்குத் தெரியும். பள்ளி மேடையில் மைக் மேடம் ஒழுக்கத்தைப் பற்றி முழங்குகிறார். ஏழாம் வகுப்பு ஹாட்ஸ்பாட் சுடலை பாக்கெட்டில் இருந்தபடியே செல்போனைத் தட்டி அந்த மைக்கை ஊமையாக்கிவிட்டான். பிள்ளைகள் மிகுந்த பக்தியோடு தலையாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஏட்டி ஜோதி, இங்கன வந்து இதப் பாரேன். உங்க ஸ்கூல் மாதிரியே இருக்கு," என்று கூப்பிட்டாள் சண்முகசுந்தரி. கணவனின் அக்கா. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டதும் மதுரையிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தாள்.

"மாவு வழிக்கணும் மதினி. நீங்க பாருங்க."

மாவு வழிக்க இன்னும் நேரமிருந்தது. மடியில் டேப்லெட் இருந்தது.

தென்காசியில் வீடு இருந்தால் சீசனுக்கு விருந்தாளி உண்டு. ஒரு கூட்டம் ஈரத் துண்டைக் காயப்போட்டுவிட்டுக் கிளம்பும்போது அடுத்த கூட்டம் பையோடு வாசலில் நிற்கும். எல்லாருக்கும் அருவியில் குளித்த பசி. தினமும் மாவு அரைக்க வேண்டும். அந்த நேரம் மட்டும்தான் அவளை யாரும் எதற்கும் எழுப்பமாட்டார்கள். பகலெல்லாம் தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம், வீடு வந்தால் அடுப்படி. இரண்டுக்கும் நடுவே இந்த இரைச்சலில்தான் 'ஏழாம் வகுப்பு அட்மின்கள்' என்ற சித்திரக்கதையை ஓராண்டாக வரைந்து இணையத்தில் போட்டுவந்தாள். பெயர் போடவில்லை. கணவனுக்குக்கூடத் தெரியாது. எத்தனையோ முகம் தெரியாத மனிதர்களைச் சிரிக்க வைத்தவள், தான் கடைசியாக எப்போது சிரித்தோம் என்பதையே மறந்திருந்தாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. வந்தவர் உமாதேவி மேடம். அவள் பள்ளியின் பிரின்சிபால். ஜோதி டேப்லெட்டைத் துணிக்கடியில் தள்ளினாள். கூடத்தில் பாய், பை, ஆட்கள். உட்கார இடமில்லை.

"நான் அடுப்படிக்கே வாரேன் ஜோதி," என்று சொல்லிக்கொண்டு மேடம் உள்ளே வந்தார்.

ஜோதி கிரைண்டரை நிறுத்தக் கை நீட்டினாள்.

"ஓடட்டும். நாம பேசுதது அங்க கேக்கவேண்டாம்."

ஜோதி கையை இழுத்துக்கொண்டாள். மேடம் எதற்கு வந்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டது.

போன வாரம் போட்ட கதையில், பரீட்சைக்குப் படிக்காத சுடலை மழை விடுமுறை அறிவிப்பு ஒன்றைப் போலியாகச் செய்து பெற்றோர் குழுவுக்கு அனுப்பிவிடுவான். மீதி அடுத்த வாரம் என்று நிறுத்தியிருந்தாள். யாரோ ஒரு புண்ணியவான் அந்த அறிவிப்பை மட்டும் வெட்டியெடுத்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார். வேறு ஊராக இருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். இங்கே ஊருக்குள் வெயிலடித்தாலும் மலை கறுத்துக் கிடந்தால் லீவு வரும் என்று காலையிலேயே எல்லார் கண்ணும் மேற்கே போய்விடும். நேற்று மலை கறுத்துத்தான் கிடந்தது. பள்ளிப் பேருந்துகள் காலியாகத் திரும்பி வந்தன.

"கரஸ்பாண்டென்ட் கொதிக்காரு. வரைஞ்சது யாருன்னு நாளைக்குள்ள பேரு வேணுமாம். போலீசுக்குக் குடுக்கப்போறாராம். கம்ப்யூட்டர் டீச்சர்ட்ட சொல்லிக் கண்டுபிடிங்கன்னு என்னைய அனுப்பிருக்காரு."

"பாக்கேன் மேடம்." இந்த வேலை போனால், போலீஸ் வரை போன டீச்சரை இந்த ஊரில் வேறு எந்தப் பள்ளி சேர்க்கும்?

மேடம் அலமாரியிலிருந்த அரிசி டப்பாவைப் பார்த்தார். "வரையுத பேனா எங்க, அதுக்குள்ளயா?"

ஜோதியின் கண்ணும் அந்த டப்பாவுக்குப் போனது.

"சாரல்ல ஈரம் ஏறிருதுன்னு ஸ்மார்ட் போர்டு பேனாவ நாம ரெண்டு பேரும் அரிசியில போட்டு வச்சோமே, ஞாபகம் இருக்கா? அந்த அரிசி எங்க வீட்டு அரிசி. ஒன் கதையில மைக் மேடமும் அதையே செய்யுதா. மொத வாரமே தெரியும் எனக்கு."

"மேடம், நான் உங்கள கேலி பண்ணணும்னு..."

"பண்ணத்தான் செஞ்ச. ஆனா நடைய சரியா வரையல. எனக்கு இழுக்கது எடது காலு." சொல்லிவிட்டு மேடம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரரு போனபெறகு அந்த வீட்ல நான் சத்தமாச் சிரிச்சதே இதப் பாத்துத்தான். இப்ப நானே வந்து நிறுத்தச் சொல்லுதேன் பாரு."

கிரைண்டர் கல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"யாருன்னு தெரியலன்னு அவர்ட்ட சொல்லிருதேன். பக்கத்த அழிச்சிட்டாங்கன்னும் சொல்லுவேன். அது நெசமா இருக்கணும் ஜோதி. ஒரு பொய்தான் என்னால சொல்ல முடியும்."

ஜோதி சண்டை போடவில்லை. சண்டைக்கும் தெம்பு வேண்டுமே. துணிக்கடியிலிருந்து டேப்லெட்டை எடுத்தாள். நிச்சயமாக அழிக்கவேண்டுமா என்று அது கேட்டது. விரல் ஒரு கணம் நின்றது. சுடலை, பாஸ்வேர்டு பானு, மைக் மேடம் எல்லாரும் அவளையே பார்ப்பதுபோல் இருந்தது. அழுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் கூடத்திலிருந்து குரல் வந்தது. "என்னட்டீ, மைக் மேடத்தக் காணல?"

"நெட் போயிருக்கும் மதினி," என்றாள் ஜோதி. பிறகு கிரைண்டரை நிறுத்தினாள். மாவு எப்போதோ பதம் தாண்டியிருந்தது.

வழியனுப்ப வாசல் வரை வந்தாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. செருப்பை மாட்டிய மேடம் போகாமல் நின்றார்.

"அந்தப் பய லீவுன்னு அனுப்பினானே. பெறகு என்ன ஆச்சு?"

"மறுநாள் ஒரு பிள்ளையும் வரல மேடம். மைக் மேடம் மட்டும் மேடையில தனியா நிக்காங்க. சன்னல் வழியாப் பாத்த சுடலைக்கு மனசு கேக்கல. பையத் தூக்கிட்டு உள்ள வாரான். அன்னைக்குன்னு பாத்து மைக் நல்லா வேலை செய்யுது. கேக்கத்தான் அவன் ஒருத்தனத் தவிர ஆள் இல்ல."

"என்ன பேசுதா?"

"ஒழுக்கம் பத்திப் பேசத்தான் வாயெடுக்காங்க. அவன் தலையப் பாத்ததும், நனைஞ்சியா, இங்கன வந்து தொடச்சுக்கோன்னு சொல்லுதாங்க. அவ்வளவுதான் கதை."

மேடம் தலையை ஆட்டினார். ஜோதியின் கையை ஒருமுறை பிடித்து விட்டுவிட்டு, இடது காலை இழுத்து இழுத்து ஆட்டோவுக்குப் போனார். ஆட்டோ திரும்பும் வரை ஜோதி அந்த நடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாரல் உள்ளே அடிக்காமல் கதவைச் சாத்தினாள்.