மங்கையர்க்கரசியின் சீரகத் தண்ணீர்

போன வருஷம் ஜூன் மாதம் வரைக்கும் மங்கையர்க்கரசியின் எடை நூற்றுப் பதினான்கு கிலோ. தாபோடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர்கள் அவள் ஏறினால் பின் சீட்டில் மூன்றாவது ஆளுக்குக் காத்திருக்க மாட்டார்கள், வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பவர் மட்டும் எதையோ சொல்ல வாயெடுத்து, பிறகு வெளியே வேடிக்கை பார்ப்பார்.

வயது நாற்பத்தாறு. படைத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் கிளார்க். கணவர் மாடசாமி அதே தொழிற்சாலையில் வெல்டர். இருவருக்கும் பூர்வீகம் அம்பாசமுத்திரம்; வேலைக்காக வடக்கே மராத்தி பேசும் இந்த ஊருக்கு வந்தவர்கள். ஒரே மகள் அகல்யா நகரின் மறுகோடியில் ஹடப்சரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே தோழிகளோடு தங்கியிருந்தாள். முழங்கால் வலி, சர்க்கரை, படுத்தால் மூச்சுத் திணறல் என்று அம்மாவுக்கு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோது, டாக்டரைப் பார்த்து நாள் குறித்தவள் அவள்தான். வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவுக்குக் குழாய் மாதிரி தைத்துவிடும் ஆபரேஷன்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. கோளாறு அதற்கு வைத்த பெயரில் தொடங்கியது.

"வயித்த வெட்டி எடுத்துட்டான்னு தெரிஞ்சா ஊரு சிரிக்கும். பித்தப்பையில கல்லுன்னு சொல்லிருங்க" என்றாள் மங்கை.

"சரி" என்றார் மாடசாமி. அவர் ஒரு நாளைக்குப் பேசுவதே பத்து வார்த்தைதான். ரகசியம் அவரிடம் பத்திரமாக இருந்தது.

ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் நீலா, நான்கு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டியிருந்தாள். தினமும் அறுபது கிராம் புரதம். தட்டில் எது இருந்தாலும் முதலில் முட்டை, மீன், பருப்பு, பனீர். இடமிருந்தால்தான் இட்லி, சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. நாள் முழுக்க ஒவ்வொரு மிடறாகக் குடிக்க வேண்டும். சத்து மாத்திரைகள் ஆயுள் முழுக்க. இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஒன்றாகப் போடக் கூடாது, டீயோடு போடவே கூடாது. மூன்றாம் மாதம் ரத்தப் பரிசோதனை. மங்கை அந்தத் தாளை நாலாக மடித்து, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தாள். பித்தப்பைக் கல்லுக்கு நான்கு பக்கமா என்று யாராவது கேட்டுவிட்டால்?

பெயின்ட் டப்பா அளவுக்கு இருந்த புரதப் பவுடரை அப்படி மடித்து வைக்க முடியவில்லை. வந்தவர்கள் கேட்டபோது, "அவருக்குங்க. வெல்டிங் வேலையில ஒடம்பு களைச்சுப் போவுதுல்ல" என்று சொல்லிவிட்டாள். சொன்னதற்காக மாடசாமி தினமும் அதைப் பாலில் கரைத்துக் குடிக்க வேண்டியதாயிற்று. இரண்டு மாதத்தில் அவர் சட்டைக் கை இறுக்கமானது.

உடம்பு தேற வேண்டுமென்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது கொண்டுவந்தார்கள். கருப்பட்டி போட்ட கேழ்வரகுக் கஞ்சி, மாதுளை ஜூஸ், ஆப்பிள் ஜூஸ், சர்க்கரை தூக்கலாகப் போட்ட ஜவ்வரிசி. எல்லாவற்றுக்கும் பெயர் சத்து. அரை டம்ளரில் வயிறு நிறைந்துவிடும். பிறகு முட்டைக்கு எங்கே இடம்?

எடை இறங்கத் தொடங்கியது. முதல் மாதம் பன்னிரண்டு கிலோ. மூன்றாம் மாத முடிவில் இருபத்தொன்று. ஆரம்பத்தில் புகழெல்லாம் பித்தப்பைக்குப் போயிற்று. அடுத்த தெருவில் ஒருத்தி, "அந்தக் கல்லு எதனால வருதுக்கா?" என்று ஆசையோடு கேட்டாள்.

நவராத்திரிக்கு அங்குள்ள தமிழ் மகளிர் மன்றம் கூடியபோது விஷயம் பெரிதாகிவிட்டது. மன்றத்தின் செயலாளர் சந்திரிகா பாணேரில் குடியிருப்பவள், கோயம்புத்தூர்க்காரி. எல்லோர் முன்னாலும் மைக்கை நீட்டினாள்.

"ஏனுங்க மங்கைக்கா, எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்க. எப்படிங்க இது?"

மங்கை மைக்கைப் பார்த்தாள். எதிரே எழுபது பேர். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் உடம்பை எழுபது பேர் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காலையில வெறும் வயித்துல சீரகத் தண்ணி. ராத்திரி சாப்பாட்ட விட்டாச்சு. மனசுதான் வேணும்" என்றாள்.

கைதட்டல் அடங்குவதற்குள் வாட்ஸ்அப் குழு தொடங்கியாயிற்று. 'மங்கையின் மந்திரம்' என்று சந்திரிகா பெயர் வைத்தாள். ஒரு வாரத்தில் தொண்ணூற்றேழு உறுப்பினர்கள். தாபோடி மளிகைக் கடைக்காரர் சீரகப் பொட்டலங்களைப் பின்வரிசையிலிருந்து எடுத்து வாசலில் தொங்கவிட்டார்.

புகழ் ஏற ஏற மங்கையின் உடம்பு சோர்ந்தது. காலையில் எழுந்திருக்கும்போதே ஒரு நாள் வேலையை முடித்த களைப்பு. இரும்பு மாத்திரை மலச்சிக்கல் தந்தது என்று நிறுத்தினாள். மற்ற மாத்திரைகளை, யாரும் பார்ப்பதற்கு முன் முடித்துவிட வேண்டுமென்று டீயோடு ஒரே வாயில் விழுங்கினாள். பிறகு அதையும் விட்டாள். மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு அகல்யா போனில் நினைவுபடுத்திய போதெல்லாம், "பாத்தாச்சு, எல்லாம் நார்மல்" என்றாள். ஸ்டோர்ஸில் மதியம் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் இருபது நிமிடம் படுத்துக்கொள்வாள். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு திருப்பத்திலும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமா… சரி… சொல்லு…" என்று யாருமற்ற போனில் பேசுவாள். மூச்சு வந்ததும் அடுத்த மாடி. குருவானவள் படியில் மூச்சு வாங்கலாமா?

தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. குழுவில் ஒருத்தி அதைப் பற்றிக் கேட்டுவிட்டாள். மங்கை யோசித்து, "உள்ள இருக்கிற நஞ்செல்லாம் வெளிய போகுதுன்னு அர்த்தம்" என்று எழுதினாள். மறுநாளிலிருந்து உறுப்பினர்கள் தங்கள் சீப்பைப் படம் பிடித்துப் போட ஆரம்பித்தார்கள். அதிகம் கொட்டியவளுக்கு அதிகப் பாராட்டு.

அந்தத் தொண்ணூற்றேழு பேரில் மந்திரத்தைச் சொட்டுக்கூடப் பிசகாமல் கடைப்பிடித்தவள் பவுன். வயது ஐம்பத்துமூன்று. தொழிற்சாலை கேன்டீனில் சமையல் வேலை. பத்து வருஷமாகச் சர்க்கரை, மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரி ஐம்பது பேருக்குச் சப்பாத்தி போட்டுக் கொடுத்துவிட்டு, தான் சீரகத் தண்ணீர் குடித்துப் படுத்தாள். சர்க்கரை மாத்திரையை மட்டும் விடவில்லை. ஒரு மாதத்தில் நான்கு கிலோ குறைந்தாள்.

"ஏ மங்க, தல கிறுகிறுன்னு வருதே. கை நடுங்குது" என்றாள் ஒருநாள்.

"எனக்கும் அப்படித்தான்க்கா இருக்கு" என்றாள் மங்கை.

குழு தொடங்கிய நாளிலிருந்து அவள் சொன்ன ஒரே உண்மை அது. ஆனால் பவுன் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டு அன்றைக்கும் பட்டினி கிடந்தாள்.

டிசம்பரில் சந்திரிகாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குழுவோடு பர்வதி மலை ஏறுவது, முன்னால் மங்கை. வெள்ளைத் தொப்பிகளில் குழுவின் பெயரை அடித்தார்கள். தப்பிக்க வழியில்லாமல் மங்கையும் தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்றாள். முப்பத்திரண்டு பேர், நல்ல குளிர். யாரும் காலையில் சாப்பிட்டிருக்கவில்லை, மந்திரம் அப்படி.

பாதிப் படி ஏறுவதற்குள் பவுனுக்கு வேர்த்துக் கொட்டியது. கண் ஒரு மாதிரி சொருக, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மங்கை பதறிப்போய்க் குனிந்து அவள் தோளைப் பிடித்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. பவுன் மேலேயே சாய்ந்தாள்.

படியோரம் எலுமிச்சை சர்பத் விற்றுக்கொண்டிருந்த பெண் ஓடிவந்து, பவுன் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினாள். ஐந்து நிமிடத்தில் பவுன் எழுந்து உட்கார்ந்தாள். மங்கைக்குக் கண் திறந்ததே தவிர எழுந்திருக்க முடியவில்லை. நான்கு பேர் தாங்கிக் கீழே இறக்கி, பக்கத்திலிருந்த கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். மிச்சப் பேரும் பின்னாலேயே போனார்கள்.

"ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா?" என்று ஹிந்தியில் கேட்டார் டாக்டர்.

"பித்தப்பைக் கல்லுங்க டாக்டர்" என்று ஹிந்தியிலேயே முந்திக்கொண்டாள் சந்திரிகா.

டாக்டர் வயிற்றிலிருந்த தழும்புகளைப் பார்த்தார். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். சந்தேகம் தீராமல், மங்கையின் போனிலிருந்து மகளைக் கூப்பிடச் சொன்னார். சந்திரிகா, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, பித்தப்பைக் கல் ஆபரேஷனைப் பற்றிக் கேட்டாள்.

"கல்லா? என்ன கல்லு?" என்றாள் அகல்யா, தமிழும் ஹிந்தியும் கலந்து. "அம்மாக்கு ஸ்லீவ் சர்ஜரி டாக்டர், ஜூன்ல. வயிறு எண்பது பர்சன்ட் காட் தியா, வெட்டி எடுத்தாச்சு. வெயிட் லாஸுக்கு. அவங்க டேப்லட் எல்லாம் எடுக்கிறாங்களா? ப்ளீஸ் செக் பண்ணுங்க!"

கிளினிக்கின் சிறிய முன்னறையில் வெள்ளைத் தொப்பிகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. ஒவ்வொரு தொப்பியாகக் கழன்றது.

ரத்தத்தில் இரும்பு அடிமட்டம். ஹீமோகுளோபின் ஏழு. பி-12 இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியிலேயே மறுபடி சேர்த்து, நரம்பு வழியாக இரும்புச் சத்து ஏற்றினார்கள். இரண்டாம் நாள் நீலா வந்தாள். அவளுடைய பெற்றோர் சேலத்திலிருந்து கட்கிக்கு வந்தவர்கள்; அவள் பேசுவது ஹிந்தி கலந்த தமிழ்.

"ஆன்ட்டி, நான் குடுத்த பேப்பர் கிதர் ஹை?"

"பீரோவுல இருக்குமா."

"நீங்க சாப்பிட வேண்டியதை எல்லாம் பீரோ சாப்பிட்டிருக்கு" என்றாள் நீலா. "பவுடர்?"

கட்டில் ஓரத்தில் நின்ற மாடசாமி தொண்டையைக் கனைத்தார். "நான் குடிச்சேன்" என்றார். நீலா அவர் புஜத்தைப் பார்த்துவிட்டு மேலே எதுவும் கேட்கவில்லை. புதிய தாள் ஒன்றை எடுத்து முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தாள்.

குழுவிலிருந்து முதல் நாள் நாற்பது பேர் வெளியேறினார்கள். 'நம்பிக்கைத் துரோகம்' என்று ஒருத்தி எழுதினாள். 'என் முடி?' என்று இன்னொருத்தி. மூன்று நாள் கொதித்தது. நான்காம் நாள் காலையில் தனியாக ஒரு செய்தி வந்தது: 'அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த டாக்டர் நம்பர் கொஞ்சம் அனுப்புங்க. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்ங்க.' அனுப்பியவள் சந்திரிகா. அன்று மாலைக்குள் இன்னும் ஒன்பது பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருத்தியும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள்.

பவுனிடமிருந்து எதுவும் வரவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் மங்கை மாடசாமியை அழைத்துக்கொண்டு காசர்வாடியிலிருந்த அவள் வீட்டுக்குப் போனாள். பவுன் கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"எனக்கு வெக்கமா இருந்துச்சுக்கா. அதான் சொல்லல" என்றாள் மங்கை.

"ஒனக்கு வெக்கம்னா நான் ஏம்ட்டி பட்டினி கெடக்கணும்?"

பவுன் அதோடு நிறுத்தவில்லை.

"நீ வயித்த அறு, இல்ல காத அறு. எனக்கென்ன? நான் சுகர் மாத்திரயப் போட்டுட்டு வெறும் வயித்தோட படுத்தேன். ராத்திரியில போயிருந்தா எம் மவனுக்கு என்ன சொல்லுவ? சீரகம் பத்தலைன்னு சொல்லுவியா? கிறுகிறுங்குதுன்னு ஒங்கிட்டதான வந்து சொன்னேன்?"

மங்கை அழுதாள். நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பவுன் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள்.

"உக்காரு. இங்கயும் விழுந்து தொலையாத. இன்னைக்கு என்ன சாப்ட்ட?"

"அரை இட்லி."

பவுன் உள்ளே போய் ஒரு முட்டையை அவித்துக் கொண்டுவந்தாள். மங்கை அதைத் தின்று முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. பவுன் அவ்வளவு நேரமும் எதிரே நின்று திட்டிக்கொண்டிருந்தாள். மங்கை கிளம்பும்போது அவளிடமிருந்து நீலாவின் தாளை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து காலை பதினொரு மணிக்குக் கேன்டீனிலிருந்து ஸ்டோர்ஸுக்கு ஒரு முட்டை வரும். நான்கு மணிக்கு வேகவைத்த கொண்டைக்கடலை, இல்லையென்றால் பனீர் துண்டுகள். கொண்டுவருபவள் பேச மாட்டாள். கிண்ணம் காலியாகும் வரை நகரவும் மாட்டாள். பேச்சு மறுபடி தொடங்க ஐந்து வாரம் ஆனது. அதுவும், "மாத்திரயப் போட்டியா?" என்றுதான் தொடங்கியது.

மங்கை குழுவில் ஒரு குரல் செய்தி போட்டாள். ஆபரேஷன், பொய், மாத்திரை, மயக்கம் எல்லாவற்றையும் ஒன்பது நிமிடம் சொன்னாள். சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை விடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். முழுதாகக் கேட்டவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கலாம். ஒருத்தி பதில் போட்டாள்: 'சரிக்கா. ஆபரேஷனோட சீரகத் தண்ணியும் குடிக்கலாமா?'

களைப்பு ஒரே நாளில் போய்விடவில்லை. மாசி மாதம் வரைக்கும் மதியத்தில் கண் இருட்டியது. ஒரு வாரம் நன்றாக இருக்கும். அடுத்த வாரம் தண்ணீர் குடிக்க மறந்துவிட்டால் மறுபடி தலைசுற்றல். இரும்பு மாத்திரையை வேறு வகைக்கு மாற்றினார்கள். மாதம் ஒரு பி-12 ஊசி. ஏப்ரலில் ஹீமோகுளோபின் பதினொன்றைத் தொட்டது. எடை எழுபத்தாறில் நின்றது.

மே மாதம் தாபோடியில் ஒரு கல்யாணம். பந்தியில் மங்கைக்குப் பக்கத்தில், சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மணப்பெண்ணின் அம்மா காட்டிய பழைய ஆல்பத்தில் மங்கையைப் பார்த்திருந்தாளாம்.

"நீங்கதான்னு நம்பவே முடியலைங்க. எப்படிக் குறைச்சீங்க? சொல்லுங்களேன்."

"ஆபரேஷன்" என்றாள் மங்கை. "வயித்துல பாதிக்கு மேல எடுத்தாச்சு. இப்ப தினமும் நாலு மாத்திரை, மாசம் ஒரு ஊசி."

"ஓ" என்றாள் அந்தப் பெண். முகம் தொங்கிவிட்டது. "நான் வேற ஏதோன்னு நினைச்சேன்." அவள் மறுபக்கம் திரும்பி, மெலிந்திருந்த இன்னொருத்தியிடம் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தாள்.

பாயசம் வந்தது. மங்கை இலையின் மேல் கையை மறித்து வேண்டாம் என்றுவிட்டு, சுண்டலை ஒவ்வொன்றாக எடுத்து மென்றாள்.